முதலில் இயந்திரம் போகட்டும்!

(டாங்கித் தளபதி பெர்சி ஹோபார்ட் வாழ்க்கை வரலாறு)

இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன்



ஆண்டு மலரில் வாழ்க்கை வரலாறு என்றாலே விஞ்ஞானி, கவிஞர், தேசத் தலைவர் என்று எழுதுவதுதான் வழக்கம். நான் ஒரு ராணுவத் தளபதியைப் பற்றி, அதுவும் ஒரு வெள்ளைக்காரத் தளபதியைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். இவனுக்கு என்ன ஆச்சு என்று நினைக்காதீர்கள். கடைசி வரை படித்தால் காரணம் புரியும். போர்க்களத்தில் கழிந்த இவரது வாழ்க்கையில், விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் பிறந்து டிப்ளமோ படிக்கிற நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

அவர் பெயர் பெர்சி ஹோபார்ட். இரண்டாம் உலகப் போரில் விசித்திரமான டாங்கிப் படை ஒன்றை உருவாக்கி நடத்தியவர். கடலில் நீந்தும் டாங்கி! சங்கிலியால் தரையை அடிக்கும் டாங்கி! பாலம் சுமக்கும் டாங்கி! கம்பளம் விரிக்கும் டாங்கி! ராணுவத்திலேயே பலர் இவற்றைப் பார்த்துச் சிரித்தார்கள். ஹோபார்ட்டின் கோமாளி வண்டிகள் என்று பட்டப்பெயரும் வைத்தார்கள்.

எனக்கு இவர் அறிமுகமானது மாடல் மூலமாக. நம் கல்லூரிக் கண்காட்சிக்காக 35-ல் ஒரு பங்கு அளவில் டாங்கி மாடல்கள் செய்ய இறங்கினேன். கடையில் விற்கும் பிளாஸ்டிக் மாடல் பெட்டியெல்லாம் நமக்குக் கட்டுபடியாகாது. சிவகாசி அச்சகங்களில் வெட்டிப் போடும் அட்டை, மருந்து முக்காத தீக்குச்சி, அறுந்துபோன கவரிங் சங்கிலி, தீர்ந்துபோன பேனா ரீபில், இவைதான் என் மூலப்பொருள்கள். பொருள் மலிவாக இருக்கலாம், அளவு மட்டும் சரியாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அந்த அளவுகளைத் தேடிப் போன இடத்தில்தான் இந்த மனிதர் கிடைத்தார்.

நைனிடாலில் பிறந்தவர்

ஹோபார்ட் பிறந்தது நம் இந்தியாவில்தான். 1885-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் தேதி, இமயமலை அடிவாரத்து நைனிடாலில் பிறந்தார். தந்தை இந்தியன் சிவில் சர்வீஸ் அதிகாரி. இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பை முடித்து, உல்விச் ராணுவக் கல்லூரியில் பயின்று, 1904-ல் ராயல் எஞ்சினியர்ஸ் படைப்பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தார். பிறகு வங்காளச் சேப்பர் படையில் பணிபுரிய இந்தியாவுக்கே திரும்பி வந்தார்.

சேப்பர் அப்படின்னா யார்? படை நகர வேண்டுமானால் அதற்கு முன்னால் போய்ப் பாதை போடுகிறவர், பாலம் கட்டுகிறவர், முள்வேலியை வெட்டுகிறவர், கண்ணிவெடியை எடுக்கிறவர். கையில் துப்பாக்கியைவிட மண்வெட்டியும் வெடிமருந்தும்தான் அதிக நேரம் இருக்கும். எல்லோருக்கும் முன்னால் போவதால் எல்லோருக்கும் முன்னால் சாகிறவரும் அவர்தான்.

இதில் நம் தமிழர்களுக்கும் பங்கு உண்டு. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சேப்பர் படையில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் பணிபுரிந்து வருகிறார்கள். அந்தப் படையின் கேப்டன் மெக்ளின்டாக் 1912-ல் உருவாக்கியதுதான் பெங்களூர் டார்பிடோ. நீளமான குழாய்க்குள் வெடிமருந்தை அடைத்து, முள்வேலிக்கு அடியில் தள்ளி வெடிக்க வைத்து வழி உண்டாக்கும் கருவி அது. குழாய் நீளம் என்பதால் வெடிமருந்துக்கும் மனிதனுக்கும் நடுவில் கொஞ்சம் தூரம் கிடைத்தது. அந்தக் கொஞ்ச தூரம் எத்தனை பேர் உயிரைக் காப்பாற்றியிருக்கும், எண்ணிப் பாருங்கள்!

முதல் உலகப் போரில் ஹோபார்ட் இந்தியப் படையோடு பிரான்சுக்குப் போனார். 1915-ல் நியூவ் ஷாப்பெல் என்ற ஊரில் நடந்த சண்டையில் இந்தியச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் மடிந்தார்கள். முள்வேலியும் இயந்திரத் துப்பாக்கியும் சேர்ந்தால் மனித உடம்பால் என்ன செய்ய முடியும்? அந்தக் காட்சியை ஹோபார்ட் நேரில் கண்டார். மிலிட்டரி கிராஸ் விருதும் பெற்றார். அடுத்து மெசபடோமியா, அதாவது இன்றைய இராக். 1918-ல் அவர் போன விமானம் சுடப்பட்டுக் கீழே விழ, துருக்கியர் அவரைச் சிறை பிடித்தார்கள். துரத்திக்கொண்டு வந்த கவச கார்கள்தான் அவரை மீட்டன. இரும்புக் கவசம் பூட்டிய வண்டியின் அருமையை உயிர் தப்பித்துத் தெரிந்துகொண்ட மனிதர் அவர்!

வீட்டுக்கு அனுப்பப்பட்ட தளபதி

1923-ல் அவர் எஞ்சினியர் படையை விட்டு, அப்போது புதிதாக வளர்ந்துகொண்டிருந்த டாங்கிப் படைக்குத் தானாகவே மாறிக்கொண்டார். குவெட்டா ராணுவக் கல்லூரியில் சில ஆண்டுகள் பாடம் நடத்தினார். அவருடைய தங்கை பெட்டி 1927-ல் மான்ட்கோமரி என்ற அதிகாரியை மணந்தார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற அதே மான்ட்கோமரிதான். ஆக, இருவரும் மச்சான் முறை!

1934-ல் இங்கிலாந்தின் முதல் டாங்கி பிரிகேடுக்கு ஹோபார்ட் தலைமை ஏற்றார். டாங்கிகள் காலாட்படைக்குப் பின்னால் ஊர்ந்து வரக்கூடாது, ரேடியோவில் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு தாமாகவே வேகமாகப் பாய வேண்டும் என்று பயிற்சி கொடுத்தார். குதிரைப்படை மோகத்தில் இருந்த பழைய அதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. ஹோபார்ட்டுக்கோ நாக்கில் தேன் கிடையாது. முகத்துக்கு நேராகச் சண்டை போடுகிறவர். எதிரிகள் பெருகினார்கள்.

1938-ல் எகிப்துக்கு அனுப்பப்பட்டார். பழைய வண்டிகளையும் பயிற்சி இல்லாத ஆட்களையும் வைத்துக்கொண்டு பாலைவனத்தில் ஒரு படையை உருவாக்கினார். பின்னாளில் பாலைவன எலிகள் என்று பெயர் வாங்கிய 7-ஆவது கவசப் படைப்பிரிவு அதிலிருந்து வளர்ந்ததே. ஆனால் போர் தொடங்கிய அதே 1939-ஆம் ஆண்டின் கடைசியில் மேலதிகாரிகள் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். 1940-ல் கட்டாய ஓய்வு. நாடே போரில் மாட்டிக்கொண்டு தவிக்கும்போது, டாங்கி தெரிந்த மேஜர் ஜெனரலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்!

அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? வீட்டில் உட்கார்ந்து புலம்பவில்லை. சிப்பிங் கேம்டன் என்ற தன் ஊரில் தொண்டர் படையில் சேர்ந்தார். அங்கே அவர் பதவி லான்ஸ் கார்ப்பரல். நேற்று வரை ஆயிரக்கணக்கான பேருக்கு உத்தரவு போட்டவர், ஊர்க்காவல் ஆட்களோடு வரிசையில் நின்றார். பத்திரிகையில் இந்தச் செய்தி வெளியாகி, பிரதமர் சர்ச்சில் காதுக்கு எட்டியது. அவர் தலையிட்டு ஹோபார்ட்டைத் திரும்ப அழைத்தார். 1941-ல் 11-ஆவது கவசப் படைப்பிரிவை உருவாக்கும் பொறுப்பு கிடைத்தது. வயதாகிவிட்டது, உடம்பு சரியில்லை என்று மறுபடியும் ஒதுக்கப் பார்த்தார்கள். மறுபடியும் சர்ச்சில் விடவில்லை.

தியெப் தந்த பாடம்

1942 ஆகஸ்ட் 19. பிரான்சின் தியெப் துறைமுகத்தின் மீது நேச நாடுகள் ஒரு திடீர்த் தாக்குதல் நடத்தின. இறங்கியவர்களில் பெரும்பாலோர் கனடா நாட்டு வீரர்கள், ஏறத்தாழ 5,000 பேர். கடற்கரை முழுக்க உருண்டைக் கூழாங்கல். டாங்கிகளின் சங்கிலிப் பட்டையில் கல் சிக்கிச் சில டாங்கிகள் அங்கேயே நின்றுபோயின. சுவரைத் தாண்டி ஏறியவற்றை ஊருக்குள் போகவிடாமல் கான்கிரீட் தடுப்புகள் மறித்தன. தடுப்பைத் தகர்க்க வேண்டிய சேப்பர்கள் வெட்டவெளியில் வெடிமருந்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. ஓடியவர்கள் சுடப்பட்டார்கள். அன்று ஒரே காலையில் 900-க்கும் மேற்பட்ட கனடா வீரர்கள் உயிரிழந்தார்கள்.

இந்தத் தோல்விக்குப் பிறகு கனடா எஞ்சினியர் படையைச் சேர்ந்த டெனோவன் என்ற லெப்டினன்ட்டுக்கு ஒரு யோசனை பிறந்தது. சேப்பரை ஏன் வெட்டவெளியில் ஓடவிட வேண்டும்? டாங்கிக்குள்ளேயே உட்கார வைத்து, கவசத்தோடு தடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டால் என்ன? இந்த யோசனையிலிருந்துதான் சேப்பர் டாங்கி பிறந்தது.

1943 மார்ச்சில் தலைமைத் தளபதி ஆலன் புரூக் ஹோபார்ட்டை அழைத்து, அவருடைய 79-ஆவது கவசப் படைப்பிரிவை முழுக்க முழுக்க இப்படிப்பட்ட சிறப்பு வண்டிகளுக்காக மாற்றச் சொன்னார். படைச் சின்னம் காளைத் தலை. நம்ம ஊர் வாடிவாசல் காளை மாதிரியே முறைத்துக்கொண்டிருக்கும்!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்த வண்டிகளை எல்லாம் ஹோபார்ட்டே கண்டுபிடிக்கவில்லை. நீந்தும் டாங்கி ஹங்கேரியில் பிறந்த ஸ்ட்ராஸ்லர் என்ற எஞ்சினியருடையது. சங்கிலி டாங்கிக்கு வித்திட்டவர் தென்னாப்பிரிக்காவின் டு டாய்ட். சிதறிக் கிடந்த இந்த யோசனைகளை ஹோபார்ட் ஒன்று சேர்த்தார், சோதித்தார், உடைந்ததைத் திருத்தச் சொன்னார், ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய வேலை நம் வொர்க்‌ஷாப்பின் ஃபோர்மேன் வேலை மாதிரி. அது இல்லையென்றால் வரைபடம் வரைபடமாகவே கிடக்கும்.

அளந்து பார்த்தவர்கள்

மாடல் செய்கிற எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இவர்கள் எதையும் குத்துமதிப்பாகச் செய்யவில்லை.

நார்மண்டி கடற்கரை மணல் டாங்கியைத் தாங்குமா என்று தெரிய வேண்டும். 1943-ஆம் ஆண்டின் கடைசி நாள் இரவு, மேஜர் ஸ்காட் பௌடன், சார்ஜென்ட் ஆக்டன் ஸ்மித் என்ற இருவர் ஜெர்மன் காவலின் மூக்குக்கு அடியில் கடலில் நீந்திக் கரையேறி, துளைக்கருவியால் மண் மாதிரி எடுத்துக்கொண்டு நீந்தித் திரும்பினார்கள். சில இடங்களில் மணலுக்கு அடியில் வழுக்கும் களிமண் இருப்பது உறுதியானது. உடனே இங்கிலாந்தில் அதே மாதிரி களிமண் உள்ள பிராங்கஸ்டர் கடற்கரையைத் தேடிப் பிடித்து, அங்கே டாங்கியை ஓட்டிப் பார்த்தார்கள்.

ஆர்ஃபோர்டு என்ற இடத்தில் ஜெர்மானியர் கட்டிய கான்கிரீட் சுவர், அகழி, தடுப்பு எல்லாவற்றையும் போல முழு அளவில் கட்டி, அதில் பயிற்சி எடுத்தார்கள். நான் 35-ல் ஒரு பங்கு மாடல் செய்தேன், அவர்கள் ஒன்றுக்கு ஒன்று மாடல் செய்தார்கள்!

நானும் என் பங்குக்குச் சில விதிகள் வைத்துக்கொண்டேன். ஒரு பழைய புகைப்படம் கிடைத்தால் மூன்று கேள்வி கேட்பேன். எந்த ஆண்டு எடுத்தது? சோதனைத் திடலா, உண்மையான போர்க்களமா? அடியில் இருக்கும் மூல டாங்கி எது? இந்த மூன்றும் தெரியாமல் அட்டையில் கத்தரி வைப்பதில்லை. ஏனென்றால் சோதனைக்கு ஒன்றிரண்டு மட்டும் செய்து கைவிட்ட வண்டிகளின் படங்களும் புத்தகங்களில் கலந்தே வரும்.

கோமாளி வண்டிகள்

சங்கிலி டாங்கியை முதலில் பார்ப்போம். உளுந்துச் செடியைக் களத்தில் காயப் போட்டுக் கம்பால் அடிப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே வேலைதான். டாங்கிக்கு முன்னால் இரண்டு கைகள், நடுவே சுழலும் உருளை, உருளையில் 43 சங்கிலிகள். நிமிடத்துக்கு 142 சுற்று. சங்கிலி தரையை அடிக்க, புதைந்திருக்கும் கண்ணிவெடி டாங்கிக்கு முன்னாலேயே வெடித்துவிடும். வெடியில் சங்கிலி அறுந்தால் வேறு மாட்டிக்கொள்ளலாம். மனிதன் கால் அறுந்தால் வேறு மாட்ட முடியுமா?

இதன் முன்னோடி ஸ்கார்பியன். 1942-ல் எல் அலமெய்ன் போரில் வந்தது. மட்டில்டா டாங்கியின் பக்கவாட்டில் தனிப் பெட்டி, அதற்குள் உருளையைச் சுற்ற இன்னொரு எஞ்சின், அதை இயக்க ஒரு ஆள். அந்த ஆள் புழுதியிலும் சூட்டிலும் வெந்துகொண்டே வேலை செய்ய வேண்டும். இரண்டு வண்டிகளின் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, பின்னால் வந்த ஷெர்மன் டாங்கியில் அந்தப் பெட்டியே இல்லை! உருளைக்கு வேண்டிய சக்தியை டாங்கியின் சொந்த எஞ்சினிலிருந்தே ஷாஃப்ட் மூலம் எடுத்துவிட்டார்கள். ஆளும் கவசத்துக்குள் வந்துவிட்டான். வெறும் வடிவ வித்தியாசம் என்று நான் குறித்துவைத்த ஒன்று, ஒரு மனிதன் உயிர் சம்பந்தப்பட்ட மாற்றமாக இருந்தது.

இந்த வண்டிக்கு நண்டு என்று பெயர். தரையை அடிக்கும்போது வேகம் மணிக்கு 2 கிலோமீட்டர்தான், நாம் நடப்பதைவிட மெதுவாக! அப்போது பீரங்கிக் கோபுரம் பின்பக்கம் திரும்பியிருக்கும், வெடிப்பில் பீரங்கிக் குழல் சேதமாகாமல் இருக்க. என் மாடலில் கோபுரத்தைத் திருப்பி வைத்ததைப் பார்த்து, தலைகீழாக ஒட்டிவிட்டாயே என்று கண்காட்சியில் பலர் கேட்டார்கள். காரணம் சொல்லி வாய் வலித்துப்போச்சு. கவரிங் சங்கிலியில் 43 துண்டும் எண்ணித்தான் கோத்திருக்கிறேன், சந்தேகம் இருந்தால் எண்ணிக்கொள்ளலாம்.

அடுத்து சேப்பர் டாங்கி. சர்ச்சில் டாங்கியின் பீரங்கியைக் கழற்றிவிட்டு, 290 மில்லிமீட்டர் அளவுள்ள குட்டைக் குண்டெறியைப் பொருத்தினார்கள். ஒரு குண்டின் எடை 18 கிலோ. பறக்கும் குப்பைத்தொட்டி என்று வீரர்கள் கேலியாக அழைத்தார்கள். கான்கிரீட் தடுப்பை உடைக்க இது போதும். ஆனால் சுமார் 75 மீட்டர் பக்கத்தில் போனால்தான் குறி தப்பாது. என் மாடலில் அந்தக் குழல் 8 மில்லிமீட்டர், பென்சிலைவிடக் கொஞ்சம் தடிமன்.

இதில் ஒரு குறையும் உண்டு. இந்தக் குழலில் குண்டை உள்ளிருந்து போட முடியாது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருப்பவர் தன் தலைக்கு மேல் உள்ள இழுப்பு மூடியைத் திறந்து, இரண்டு கைகளையும் வெளியே நீட்டி, குண்டைக் குழலுக்குள் தள்ள வேண்டும். உடம்பு முழுக்கக் கவசத்துக்குள், கைகள் மட்டும் குண்டு மழைக்குள்! அந்தச் சின்ன மூடியை அட்டையில் செய்யும்போது என் மனசு என்னவோ போல் ஆனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அதே சர்ச்சில் டாங்கி வேறு வேடங்களும் போட்டது. ஆள் உயரத்துக்கு மேல் விட்டமுள்ள பெரிய சுள்ளிக் கட்டைச் சுமந்துபோய்ப் பள்ளத்தில் உருட்டிவிடும், பின்னால் வருபவை அதன்மேல் ஏறிப் போகும். என் மாடலில் அது தீக்குச்சிக் கட்டுதான், வேறென்ன! இன்னொன்று 30 அடிப் பாலத்தைத் தூக்கிப் போகும். ஆர்க் என்ற வண்டிக்குக் கோபுரமே கிடையாது, பள்ளத்தில் தானே இறங்கிப் படுத்துக்கொள்ளும், மற்ற டாங்கிகள் அதன் முதுகில் ஏறிப் போகும். கம்பளம் விரிக்கும் வண்டி அந்தக் களிமண்ணுக்காக வந்தது. கரிசல் காட்டில் மழைக்குப் பிறகு வண்டி புதைந்தால் சக்கரத்துக்கு அடியில் ஓலையும் சாக்கும் போடுவோமே, அதே தத்துவம். 10 அடி அகலக் கித்தான் சுருளை முன்னால் விரித்துக்கொண்டே போகும்.

நீந்தும் டாங்கிக்கு ஆர்க்கிமிடீஸ் தத்துவம் தெரிந்தால் போதும். 30 டன்னுக்கு மேல் எடையுள்ள ஷெர்மன் மிதக்க வேண்டுமானால் 30 கன மீட்டருக்கு மேல் தண்ணீரை விலக்க வேண்டும். அதற்காக டாங்கியைச் சுற்றி நீர் புகாத கித்தான் சுவர் எழுப்பினார்கள். காற்றடைத்த 36 ரப்பர் குழாய்கள் அதைத் தூக்கி நிறுத்தும். பின்னால் இரண்டு புரொப்பல்லர். தூரத்தில் இருந்து பார்த்தால் ஏதோ சின்னத் தோணி வருவது போல் தெரியும், கரையேறிக் கித்தானை இறக்கினால் டாங்கி!

1944 ஜூன் 6

நார்மண்டித் தரையிறக்க நாளில் பிரிட்டிஷ், கனடா படைகள் இறங்கிய மூன்று கடற்கரைகளிலும் ஹோபார்ட்டின் வண்டிகள் முதல் வரிசையில் போயின. 79-ஆவது பிரிவு ஒரே படையாகச் சேர்ந்து சண்டையிட்டதே கிடையாது. இரண்டு இங்கே, நான்கு அங்கே என்று தேவைப்பட்ட இடத்துக்குப் பிரித்து அனுப்பப்பட்டது. தன் படையை இப்படிப் பிய்த்துக் கொடுக்கத் தளபதிகள் யாரும் விரும்ப மாட்டார்கள். ஹோபார்ட் கொடுத்தார். எங்கே எந்த வண்டி பயன்படும் என்று மற்றத் தளபதிகளுக்கு விளக்கிக்கொண்டே களமெல்லாம் சுற்றினார்.

எல்லாம் வெற்றிதான் என்று எழுதினால் அது பொய். அமெரிக்கர்கள் இறங்கிய ஒமாஹா கடற்கரையில் ஒரு டாங்கிப் படையணி, கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவிலேயே 29 நீந்தும் டாங்கிகளைக் கடலில் இறக்கியது. அன்று அலை மிகப் பெரிது. 27 டாங்கிகள் மூழ்கிவிட்டன. மற்ற இடங்களில் பெரும்பாலும் கரைக்கு நெருக்கமாக இறக்கியதால் பல டாங்கிகள் பத்திரமாகச் சேர்ந்தன. எந்த இயந்திரத்துக்கும் ஒரு எல்லை உண்டு, அதை மீறினால் அதே இயந்திரம் சவப்பெட்டி ஆகிவிடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஜூனோ கடற்கரையில் கிரே சுர் மேர் என்ற ஊர் அருகே ஒரு சேப்பர் டாங்கி நீர் நிறைந்த பள்ளத்தில் மூழ்கியது. வெளியேறிய வீரர்களில் சிலர் குண்டடிபட்டு இறந்தார்கள். மூழ்கிய டாங்கியின் மேலேயே பாலம் போட்டு மற்றப் படைகள் கடந்து போயின. 32 ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்த அந்த டாங்கியை 1976-ல் தோண்டி எடுத்தார்கள். இன்று அது அதே ஊரில் நினைவுச் சின்னமாக நிற்கிறது. என் சர்ச்சில் மாடலில் நான் பார்த்துச் செய்தது அந்த டாங்கியின் படங்களைத்தான்.

நான் செய்யாத மாடல்

முதலை என்று ஒரு வண்டி உண்டு. சர்ச்சில் டாங்கிக்குப் பின்னால் ஆறரை டன் இழுவைப் பெட்டி, அதில் 1,800 லிட்டர் எரிபொருள். நைட்ரஜன் அழுத்தத்தில் நூறு மீட்டருக்கு மேல் தீயைப் பீய்ச்சும். இதைக் கண்டதுமே ஜெர்மானியர் பலர் சண்டையிடாமல் கைதூக்கினார்கள் என்று படித்தேன். இருக்கலாம். ஆனால் கைதூக்காதவர்கள் என்ன ஆனார்கள்? இதுவும் ஹோபார்ட் படையில் இருந்ததுதான், மறைக்கக் கூடாது. அளவெல்லாம் குறித்து வைத்திருந்தும் நான் இதை மட்டும் செய்யவில்லை. தீக்காயம் என்றால் என்ன என்று நம்ம வட்டாரத்துக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1945 மார்ச்சில் ரைன் நதியைக் கடக்கும்போதும் 79-ஆவது பிரிவு பணிபுரிந்தது. ஆகஸ்டில் கலைக்கப்பட்டது. ஹோபார்ட் 1946-ல் ஓய்வு பெற்றார். பிறகு செல்சியில் வயதான ராணுவ வீரர்களுக்கான ராயல் ஹாஸ்பிடலில் துணை ஆளுநராகச் சில ஆண்டுகள் இருந்தார். 1957 பிப்ரவரி 19-ல் காலமானார். அவர் வளர்த்த யோசனைகள் அவரோடு போகவில்லை. சென்னை அருகே ஆவடியில் 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அதன் உடல்மேல் பாலம் பொருத்திய கார்த்திக் என்ற வண்டியும் பின்னாளில் உருவானது. நாளைக்கு நம்மில் ஒருவர் ஆவடியில் வேலைக்குப் போனால், இந்தப் பரம்பரையில்தான் சேருகிறார்.

நமக்கு என்ன?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். அப்பா லோடுமேன். அம்மா பட்டாசு ஆபீஸ் வேலைக்குப் போகிறார். பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், ஒரு பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் வேலை பார்த்தவர். ஒரு நாள் உராய்வில் தீப்பற்றி இரண்டு கைகளும் வெந்துபோயின. உயிர் தப்பியது பெரிய விஷயம். இன்றைக்கும் சட்டைப் பொத்தானை மதினிதான் போட்டுவிட வேண்டும். சேப்பர் டாங்கியில் கைகளை மட்டும் வெளியே நீட்டும் அந்த மூடியைச் செய்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அண்ணன் கைகள்தான்.

2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தை நம் மாவட்டம் மறக்காது. 38-க்குக் குறையாத உயிர்கள் ஒரே நாளில் போயின. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ. விபத்து நடந்தால் செய்தி வரும், நிவாரணம் அறிவிப்பார்கள், மறுபடி வேலை நடக்கும். வேலை நடந்துதான் ஆக வேண்டும், அதை நம்பித்தான் நம் வீடுகளில் அடுப்பு எரிகிறது. என் புத்தகப் பையும் அந்தக் கூலியில் வாங்கியதுதான்.

தியெப்பில் செத்தவர்களை எண்ணியதோடு டெனோவனும் ஹோபார்ட்டும் நின்றிருந்தால் அடுத்த கடற்கரையிலும் அதே சாவுதான். எந்த இடத்தில், எந்த வேலையைச் செய்யும்போது மனிதன் செத்தான் என்று துல்லியமாகப் பார்த்தார்கள். அந்த ஒரு இடத்துக்கு ஒரு இயந்திரத்தை அனுப்பினார்கள். கூழாங்கல்லுக்கு ஒன்று, களிமண்ணுக்கு ஒன்று, கண்ணிவெடிக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று!

நம் பட்டாசுத் தொழிலிலும் ஆபத்து எல்லா அறையிலும் ஒரே அளவில் இல்லை. பெட்டி ஒட்டுவது வேறு, மருந்து கலப்பது வேறு, மருந்து செலுத்துவது வேறு. ஒரு அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்று விதி இருக்கிறது. அந்த விதியை மதித்தாலே பாதி உயிர் மிஞ்சும். மீதிப் பாதி நம் கையில், டிப்ளமோ படிக்கிறவர்கள் கையில் இருக்கிறது. மருந்துக்கும் மனிதன் கைக்கும் நடுவில் ஒரு தடுப்பு, ஒரு நெம்புகோல், சுவருக்கு அந்தப் பக்கம் நின்று இயக்கும் ஒரு கைப்பிடி, இவற்றை வடிவமைக்க ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். நாம் படிக்கிற மெஷின் டிசைன் போதும்.

அவசரப்பட்டு எதையாவது செய்து மாட்டிவிடக் கூடாது. தப்பான இயந்திரம் புது உராய்வை உண்டாக்கும். ஒமாஹாவில் மூழ்கிய 27 டாங்கிகளை மறக்காதீர்கள். மண்ணை எடுத்துப் பார்த்துவிட்டுத்தானே கம்பளம் செய்தார்கள்! அதே மாதிரி முதலில் அந்த அறையை அளக்க வேண்டும், வேலை செய்கிறவரிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும், கை எங்கே போகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று குறிக்க வேண்டும். மருந்துக்குப் பதில் மணலை வைத்துச் சோதிக்க வேண்டும். பாதுகாப்பு அதிகாரிகள் ஒப்புக்கொண்ட பிறகே அறைக்குள் போக வேண்டும். அப்புறம் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கோமாளி வண்டி என்று சிரித்தவர்கள் பிறகு அதன் பின்னால்தான் கரையேறினார்கள்.

ஒவ்வொரு ஆண்டும் மூன்றாமாண்டு மாணவர்கள் ப்ராஜெக்ட் செய்கிறோம். போன வருட அண்ணன்கள் செய்ததையே பெயின்ட் அடித்துக் காட்டுவதும் நடக்கிறது. இந்த ஆண்டு ஒரு குழுவாவது மருந்து செலுத்தும் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு உறுப்பினனாக வருகிறேன். நம் ஊரில் பட்டாசு ஆபீஸுக்குப் போகிற ஆள் இல்லாத தெரு இல்லை, ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்ள நாம் தூரமாகப் போக வேண்டியதும் இல்லை. விருப்பமுள்ளவர்கள் மெக்கானிக்கல் இரண்டாமாண்டு வகுப்பில் என்னைச் சந்திக்கலாம். ஸ்கேலும் நோட்டும் கொண்டு வாருங்கள், அளப்பதிலிருந்து தொடங்குவோம்!